சுற்றினாலும் மாறாதது எது?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டார். கவிதை எழுத நம்மிடையே ஆள் நிறைய இருக்கிறார்கள். ஆகவே நான் பிசிக்ஸ் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன். "ஃபர்ஸ்ட் இயரோட தலைமுழுகின சப்ஜெக்ட்டை ஏன்டா மறுபடி கூப்பிடுற?" என்றான் என் அறை நண்பன். அவன் கேட்டதில் நியாயம் உண்டு. நாம் படித்த இயற்பியல் எப்படி இருந்தது? ஆற்றல் அழிவின்மை விதி, உந்த அழிவின்மை விதி, கோண உந்தம் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்தில், தனித்தனி மார்க்குக்கு. ஆற்றல் ஏன் அழியாது என்று யாராவது எழுந்து கேட்டால், "அது விதி, எழுதிக்கோ" என்பதோடு சரி.

விதிக்கும் காரணம் உண்டு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்தக் காரணத்துக்குச் சமச்சீர் என்று பெயர். அதைக் கணக்காக எழுதும் முறைக்குக் குலக் கோட்பாடு என்று பெயர். (இந்தக் குலத்தில் ஜாதி கிடையாது, பயப்பட வேண்டாம்.) இது எம்.எஸ்ஸி. படிக்கிறவர்களுக்கான விஷயம், டிப்ளமோ பசங்களுக்கு எட்டாது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. எனக்கென்னவோ மற்றவர்களைவிட நமக்குத்தான் இது சீக்கிரம் பிடிபடும் என்று தோன்றுகிறது. ஏன்னா, இதன் முதல் பாடம் நம்ம மெஷின் ஷாப்பிலேயே கிடக்கிறது.

லேத்தில் இருக்கும் த்ரீ ஜா சக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பினால் மூன்று தாடைகளும் ஒன்றாக நகர்ந்து ஜாபைப் பிடிக்கும். உருண்டைக் கம்பியைப் பிடிக்கும். ஆறு பட்டைக் கம்பியையும் பிடிக்கும். சதுரக் கம்பியை வைத்தால் மட்டும் சரியாக உட்காராது. அதற்கு ஃபோர் ஜா சக் மாட்டணும். இது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால்?

ஆறு பட்டைக் கம்பியை அச்சில் 60 டிகிரி சுற்றினால் முன்பு இருந்தது போலவே தெரியும். 120, 180, 240, 300 டிகிரி சுற்றினாலும் அப்படியே. சும்மா விட்டுவிடுவதையும் ஒரு செயலாகச் சேர்த்தால் மொத்தம் 6 சுற்றல்கள். சக்குக்கு 0, 120, 240 என்று 3 சுற்றல்கள். சக்கின் இந்த மூன்றும் கம்பியின் ஆறுக்குள் அடங்கியிருக்கின்றன. ஆகவே ஒரு தாடைக்கு ஒரு பட்டை கிடைத்தால் மற்ற இரண்டு தாடைக்கும் தானாகவே பட்டை கிடைத்துவிடும். சதுரத்தின் சுற்றல்கள் 0, 90, 180, 270. இதில் 120 எங்கே? இல்லை. உருண்டைக் கம்பிக்கோ எந்தக் கோணமும் சம்மதம். அதனால் எந்தச் சக்கும் சம்மதம்.

கணித வாத்தியார் இதையே வேறு மாதிரி சொல்வார்: மூன்று உறுப்புள்ள சுற்றல் குலம், ஆறு உறுப்புள்ள குலத்துக்கு உட்குலம், நான்கு உறுப்புள்ள குலத்துக்கு உட்குலம் ஆக முடியாது. உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை பெரிய குலத்தின் எண்ணிக்கையை மீதி இல்லாமல் வகுக்கணும் என்பது லெக்ராஞ்சி தேற்றம். 6 ஐ 3 வகுக்கும், 4 ஐ வகுக்காது. அவ்வளவுதான் விஷயம். அமெரிக்காவில் தெருவோரத் தீயணைப்புக் குழாய்களில் ஐந்து பட்டை நட்டு வைத்திருப்பார்கள். சாதாரண ஸ்பேனருக்கு எதிரெதிராக இரண்டு இணைப் பட்டை வேண்டும். அதாவது 180 டிகிரி சுற்றல் வேண்டும். 5 ஐ 2 வகுக்காது. போகிற வருகிறவர்கள் யாரும் குழாயைத் திறக்க முடியாது!

ஸ்பேனர் என்றதும் இன்னொன்று. ஓப்பன் எண்ட் ஸ்பேனரின் வாய் கைப்பிடிக்கு நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருக்கும், கவனித்திருக்கிறீர்களா? இடுக்கில் இருக்கும் ஆறு பட்டை நட்டை 60 டிகிரி வீசித் திருப்ப இடம் இல்லை என்றால், 30 டிகிரி திருப்பி, ஸ்பேனரைப் புரட்டிப் போட்டு, மறுபடி 30 டிகிரி திருப்புவோம். புரட்டும்போது சாய்வு ஒரு பக்கம் 15லிருந்து மறுபக்கம் 15க்குப் போகிறது, வித்தியாசம் 30. சுற்றலும் புரட்டலும் சேர்ந்து வேலை செய்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

இப்போது இலக்கணம். ஒரு பொருளை மாறாமல் வைத்திருக்கும் செயல்களை எல்லாம் ஒரு கூட்டமாகச் சேர்த்தால், அந்தக் கூட்டம் நாலு விதிக்குக் கட்டுப்படும். இரண்டு செயலை அடுத்தடுத்துச் செய்தால் வருவதும் அதே கூட்டத்தில் இருக்கும் - அடைப்பு விதி. சேர்த்துச் செய்யும்போது எங்கே அடைப்புக்குறி போட்டாலும் ஒன்றுதான் - சேர்ப்பு விதி. சும்மா இருப்பதும் ஒரு செயல் - சமனி விதி. செய்ததைத் திரும்ப அவிழ்க்கலாம் - எதிர்மறை விதி. குலம் என்றால் இது மட்டும்தான். இதற்கு விதை போட்டவர்களில் முக்கியமானவர் எவரிஸ்ட் கலுவா என்ற பிரெஞ்சுக்காரர். 1832ல் ஒரு துப்பாக்கிச் சண்டையில் இறந்தபோது வயது 20. நம்ம வயசு! அவர் எழுதிவைத்ததை லியூவில் என்பவர் 1846ல்தான் அச்சிட்டார்.

வரிசை மாறினால் விடை மாறுமா? ஒரு அட்டையைச் சமபக்க முக்கோணமாக வெட்டி, முனைகளில் 1, 2, 3 என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள். உச்சியில் 1, வலது கீழே 2, இடது கீழே 3. முதலில் கடிகார முள் போகும் திசையில் 120 டிகிரி சுற்றுங்கள். பிறகு நடு செங்குத்துக் கோட்டை அச்சாக வைத்துப் புரட்டுங்கள். உச்சியில் 3 வரும். மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவந்து, இந்தத் தடவை முதலில் புரட்டிப் பிறகு சுற்றுங்கள். உச்சியில் 2! சட்டையை மாட்டிக்கொண்டு பனியனைப் போடுகிற கதைதான். வரிசை மாறினாலும் விடை மாறாத குலத்துக்கு எபீலியன் குலம் என்று பெயர். முக்கோணம் அந்த ரகம் இல்லை. வெறும் சுற்றல்களை மட்டும் எடுத்தால் அது எபீலியன்தான். அட்டையைக் கையில் வைத்துச் செய்யாமல் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். வாசித்தால் புரிந்த மாதிரிதான் இருக்கும், செய்தால்தான் புரியும்.

முதலாம் ஆண்டுக் கணிதத்தில் அணிகளும் கூட்டுக் கோணச் சூத்திரங்களும் படித்தோமே, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. அ என்ற கோணம் சுற்றுவதை ஒரு 2×2 அணியாக எழுதலாம். மேல் வரிசை: காஸ் அ, மைனஸ் சைன் அ. கீழ் வரிசை: சைன் அ, காஸ் அ. ஆ என்ற கோணத்துக்கும் இப்படி ஒன்று எழுதி இரண்டையும் பெருக்குங்கள். மேல் இடது மூலையில் என்ன வருகிறது? காஸ் அ காஸ் ஆ மைனஸ் சைன் அ சைன் ஆ. அ சுற்றி, பிறகு ஆ சுற்றினால் மொத்தம் (அ + ஆ) சுற்றியது தானே? ஆகவே அந்த இடத்தில் இருக்க வேண்டியது காஸ் (அ + ஆ). நாம் விடிய விடிய உருப்போட்ட சூத்திரம் ஒரே பெருக்கலில் வந்து நிற்கிறது. குலத்தின் செயல்களை இப்படி அணிகளாக எழுதிக் காட்டுவதைக் குலத்தின் உருவகிப்பு என்பார்கள். ஒரே குலத்தை 2×2 அணியாகவும் எழுதலாம், பெரிய அணிகளாகவும் எழுதலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

இனி உருண்டைக் கம்பிக்கு வருவோம். நட்டுக்கு 60 டிகிரிக்குக் குறைந்து சமச்சீர் இல்லை. கம்பியையோ ஒரு டிகிரி, அதில் நூறில் ஒரு பங்கு, எவ்வளவு சின்னதாகச் சுற்றினாலும் மாறாது. இப்படித் தொடர்ச்சியாக நகரும் குலங்களை ஆராய்ந்தவர் நார்வே நாட்டு சோஃபஸ் லீ (1842-1899). இந்தத் தொடர் சமச்சீரில்தான் அழிவின்மை விதிகள் ஒளிந்திருக்கின்றன. அதைக் கண்டு சொன்னவர் எம்மி நோத்தர் என்ற ஜெர்மன் பெண்மணி.

1882ல் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். அங்கே பல்கலைக்கழகத்தில் பல வருஷம் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார். 1915ல் ஹில்பெர்ட்டும் கிளைனும் அவரை கோட்டிங்கனுக்கு அழைத்தார்கள். பெண் என்பதால் அங்கே பாடம் நடத்தும் உரிமை கிடைக்கவில்லை. வகுப்பு ஹில்பெர்ட் பெயரில் அறிவிக்கப்படும், நடத்துவது நோத்தர். உரிமை கிடைத்தது 1919ல். அதற்கு முந்தின வருஷமே, 1918ல், அவருடைய தேற்றம் அச்சாகிவிட்டது. 1933ல் யூதர் என்பதற்காக நாஜி அரசு அவரை வேலையை விட்டு நீக்கியது. அமெரிக்காவில் பிரின் மார் கல்லூரிக்குப் போனார். 1935ல் 53 வயதில் காலமானார். நம் பாடப்புத்தகத்தில் நியூட்டனுக்கும் ஐன்ஸ்டீனுக்கும் படம் இருக்கிறது. இந்த அம்மையாருக்கு ஒரு வரிகூட இல்லை என்பது எனக்குப் பெரிய குறை.

அவர் சொன்னது இது: இயற்கை விதிகளுக்கு ஒரு தொடர் சமச்சீர் இருந்தால், அதற்கு ஈடாக மாறாத ஓர் அளவு இருந்தே தீரும். முழு நிரூபணத்துக்கு லெக்ராஞ்சியன் முறை வேண்டும். ஆனால் உந்தத்துக்கான சின்ன வடிவத்தை நாமே போட்டுப் பார்க்கலாம்.

வெளியிலிருந்து யாரும் தொடாத இரண்டு பொருள்கள் ஒரே கோட்டில் இருக்கின்றன. நடுவில் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவற்றின் நிலை ஆற்றல் இடைவெளியை மட்டும் பொறுத்தது. அவை சேலத்தில் இருக்கின்றனவா மதுரையில் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்ததில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே திசையில் ஒரு துளி தூரம் நகர்த்துவோம். இடைவெளி மாறவில்லை, ஆகவே நிலை ஆற்றலும் மாறவில்லை. அப்படியானால் இரண்டு விசைகளும் சேர்ந்து செய்த வேலை பூஜ்யம். முதல் விசை × தூரம் + இரண்டாம் விசை × தூரம் = 0. தூரத்தை அடித்துவிட்டால், முதல் விசை + இரண்டாம் விசை = 0. அட, இது நியூட்டனின் மூன்றாம் விதி! விசை என்பது உந்தம் மாறும் வீதம். ஆகவே மொத்த உந்தம் மாறும் வீதம் பூஜ்யம். உந்த அழிவின்மை விதி வந்துவிட்டது. இதற்காக நாம் போட்ட முதலீடு ஒன்றே ஒன்று: இடம் மாறினால் விதி மாறாது.

நகர்த்துவதற்குப் பதிலாகச் சுற்றிப் பாருங்கள். திசை மாறினால் விதி மாறாது என்பதிலிருந்து கோண உந்தம் கிடைக்கும். நேரம் மாறினால் விதி மாறாது என்பதிலிருந்து கிடைப்பதுதான் ஆற்றல்.

கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஒரு கணக்கு. கோவை மாவட்டத்தில் ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் இருக்கிறது. மின் தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். அந்த மாதிரி நிலையம் ஒன்றில் 1 டன் தண்ணீரை 100 மீட்டர் ஏற்ற 1000 × 9.8 × 100 = 9,80,000 ஜூல் ஆகும். இப்போது ஒரு கற்பனை. ராத்திரியில் மட்டும் புவியீர்ப்பு முடுக்கம் 9.7 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றும் செலவு 9,70,000 ஜூல். பகலில் விட்டால் கிடைப்பது 9,80,000. ஒவ்வொரு டன்னுக்கும் 10,000 ஜூல் சும்மா லாபம்! நேரத்துக்கு நேரம் விதி மாறினால் ஆற்றல் கணக்கு இடிந்துவிடும். நிஜத்தில் விதி மாறுவதில்லை. அதனால் கணக்கு இடிவதில்லை. உராய்வு நஷ்டம் போக, ஏற்றியதைவிடக் குறைவாகத்தான் திரும்பக் கிடைக்கிறது. போனதும் அழியவில்லை, சூடாக எங்கேயோ இருக்கிறது.

இதுவரை பழைய விதிகளுக்குக் காரணம் சொன்னோம். சமச்சீரை வைத்துப் புதிதாக எதையாவது கண்டுபிடிக்க முடியுமா? முடியும். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1950களில் துகள் ஆராய்ச்சிக் கூடங்களில் புதுப்புதுத் துகள்கள் வந்து குவிந்தன. தலை எது வால் எது என்று யாருக்கும் புரியவில்லை. 1961ல் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே வழியைச் சொன்னார்கள். ஒருவர் அமெரிக்காவின் முர்ரே கெல்-மன். மற்றவர் இஸ்ரேலின் யுவால் நேமான். இந்த நேமான் ஒரு மெக்கானிக்கல் என்ஜினியர், ராணுவ அதிகாரி. லண்டன் தூதரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இம்பீரியல் காலேஜில் அப்துஸ் சலாமிடம் பிசிக்ஸ் ஆராய்ச்சி செய்தவர். நம்ம டிபார்ட்மெண்ட் ஆள்!

இவர்கள் எடுத்த குலத்தின் பெயர் எஸ்.யூ.(3). அதன் உருவகிப்புகளில் ஒன்றில் 10 இடம் உண்டு. அதைப் புள்ளியாக வைத்தால் இடுக்குப் புள்ளிக் கோலம் மாதிரி 4, 3, 2, 1 என்று முக்கோணமாக வரும். முதல் வரிசையில் டெல்டா என்ற 4 துகள், நிறை ஏறத்தாழ 1232 மெகா எலக்ட்ரான் வோல்ட். (புரோட்டானின் நிறை 938.) அடுத்த வரிசையில் சிக்மா வகை 3, நிறை 1385. அதற்கடுத்து க்ஸை வகை 2, நிறை 1530. இது 1962ல் ஜெனீவா மாநாட்டில்தான் அறிவிக்கப்பட்டது. உச்சிப் புள்ளி காலி. வித்தியாசத்தைப் பாருங்கள்: 153, அடுத்து 145. ஒவ்வொரு படிக்கும் சுமார் 150. அப்படியானால் காலி இடத்தில் இருக்க வேண்டிய துகளின் நிறை 1680 சுமாருக்கு வரணும், மின்சுமை மைனஸ் 1 ஆக இருக்கணும். கெல்-மன் அந்த மாநாட்டிலேயே எழுந்து இதைச் சொன்னார். பெயரும் வைத்தார், ஒமேகா மைனஸ். பிறக்காத குழந்தைக்குப் பெயர்!

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 80 அங்குலக் குமிழ்க் கலத்தில் படம் படமாக எடுத்துத் தள்ளினார்கள். 1964 பிப்ரவரியில் ஒரு படத்தில் அது மாட்டியது. அளந்த நிறை 1686, பிழை வரம்பு 12. இன்று துல்லியமாக அளந்திருப்பது 1672.

அந்தப் பத்து ஏன் 4, 3, 2, 1 என்று விழுகிறது? அதே 1964ல் கெல்-மன்னும் ஸ்வைக் என்பவரும் குவார்க்குகளை முன்வைத்தார்கள். அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச் என்று மூன்று. இவற்றை அ, ட, ஸ என்று எழுதுவோம். வரிசை பார்க்காமல், ஒன்றையே திரும்பவும் எடுக்கலாம் என்ற சலுகையோடு, மும்மூன்றாகச் சேருங்கள். ஸ இல்லாமல்: அஅஅ, அஅட, அடட, டடட. ஒரு ஸ: அஅஸ, அடஸ, டடஸ. இரண்டு ஸ: அஸஸ, டஸஸ. மூன்று ஸ: ஸஸஸ. எண்ணிப் பாருங்கள், 4, 3, 2, 1. ஒரு ஸ கூடினால் நிறை சுமார் 150 கூடும், அவ்வளவே. இதைக் காண்டீன் பில்லின் பின்பக்கத்தில் போட்டுவிடலாம்.

ஆனால் ஸஸஸ ஒரு வம்பையும் கொண்டுவந்தது. ஒரே மாதிரி மூன்று குவார்க் ஒரே நிலையில் இருக்க பாலியின் தவிர்ப்பு விதி இடம் கொடுக்காது. அப்படியென்றால் மூன்றுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் ஒன்று இருக்கணும். அதற்கு நிறம் என்று பெயர் வைத்தார்கள். (பெயர்தான் நிறம், பெயின்ட் கிடையாது.) நிறத்துக்கும் ஒரு எஸ்.யூ.(3) குலம். அதன் சுதந்திரச் சுற்றல்கள் 3×3−1 = 8; குவார்க்குகளை ஒட்டவைக்கும் குளுவான்களும் 8. எஸ்.யூ.(2) குலத்துக்கு 2×2−1 = 3, யூ(1)க்கு 1; இந்த நாலும் கலந்து டபிள்யூ பிளஸ், டபிள்யூ மைனஸ், இசட், ஒளித்துகள் ஆகின்றன. டபிள்யூ, இசட் இரண்டையும் 1983ல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிட்டார்கள். ஈர்ப்பு விசை மட்டும் இந்தப் பட்டியலில் இன்றுவரை சேரவில்லை.

எல்லாச் சமச்சீரும் இயற்கைக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணாடிச் சமச்சீரைப் பாருங்கள். வலது மரை போல்ட்டைக் கண்ணாடி முன் காட்டினால் உள்ளே தெரிவது இடது மரை. சைக்கிளின் இடது பெடலில் இருக்குமே, அது. இரண்டு மரையுமே வேலை செய்யும். எதை வெட்டுவது என்பது நம் இஷ்டம். இயற்கையும் இப்படித்தான், அதற்கு வலம் இடம் பேதம் கிடையாது என்று 1956 வரை நம்பினார்கள். அந்த வருஷம் டி.டி. லீ, சி.என். யாங் என்ற இரண்டு பேர் (இவர் வேறு லீ) கதிரியக்கத்தை உண்டாக்கும் பலவீன விசையில் இதை யாருமே சோதித்ததில்லை என்று எடுத்துச் சொன்னார்கள்.

சோதித்தவர் சீனாவில் பிறந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த சியென்-ஷியுங் வூ அம்மையார். வாஷிங்டனில், கோபால்ட்-60ஐத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மேலே நூறில் ஒரு பாகை அளவுக்குக் குளிரவைத்து, காந்தத்தால் அதன் அணுக்கருக்களை ஒரே பக்கம் சுழல வைத்தார். சுழலும் திசையும் எலக்ட்ரான் பாயும் திசையும் சேர்ந்தால் அது ஒரு மரை மாதிரி. கண்ணாடிச் சமச்சீர் உண்மையென்றால் எலக்ட்ரான்கள் மேலும் கீழும் சம அளவில் வரணும். வரவில்லை. சுழற்சி அச்சுக்கு எதிர்ப்பக்கமாகவே அதிகம் வந்தன. இடது மரை! 1957ல் முடிவு வெளியானது. அதே வருஷம் லீ, யாங் இருவருக்கும் நோபல் பரிசு. வூ அம்மையாருக்குத் தரவில்லை. இந்த விசையின் சரியான வடிவத்தை அதே 1957ல் மார்ஷாக்குடன் சேர்ந்து எழுதியவர் ஈ.சி.ஜி. சுதர்சன். கோட்டயத்துக்காரர், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்.

ஆர்வம் உள்ளவர்கள் ஆறு பட்டை நட்டு ஒன்றை எடுத்து, பட்டைகளில் 1 முதல் 6 வரை பெயின்ட்டால் எழுதி, சுற்றலும் புரட்டலுமாக மொத்தம் 12 செயல்களுக்கும் பெருக்கல் வாய்ப்பாடு போட்டுப் பாருங்கள். ஒரு வரிசையில் எந்தச் செயலும் இரண்டு தடவை வரக் கூடாது. வந்தால் எங்கேயோ தப்பு. போட்டு முடித்தவர்கள் ஹாஸ்டலில் என் அறைக்கு வாருங்கள், என்னுடைய வாய்ப்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.